போன் நம்பரை மட்டும்தான் மாத்தினேன்

அந்தப் புரோகிராமில் நாகஜோதி மாற்றியது ஒரே ஒரு வரி. கம்பெனியின் பழைய போன் நம்பரை எடுத்துவிட்டுப் புது நம்பரைப் போட்டாள். மெஷினை ஆன் செய்ததும் அந்த நம்பர் சிவப்பு எண்களில் ஒருமுறை ஓடி மறையும். வேறு எதையும் அவள் தொடவில்லை. அதற்காக மூன்று வாரம் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பாண்டிராஜின் பட்டறை இருக்கிறது. பருப்பு மில்களுக்குக் கலர் சார்ட்டர் செய்து விற்பது அவர் தொழில். தோல் நீக்கிய வெள்ளை உளுந்து மேலே தொட்டியிலிருந்து எட்டுச் சரிவுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி விழும். விழுகிற வழியில் ஒரு சென்சார் ஒவ்வொரு பருப்பையும் பார்க்கும். தோல் நீங்காத கருப்பு ஒன்று தென்பட்டால், கொஞ்சம் கீழே இருக்கிற வால்வு, அந்தப் பருப்பு தன் எதிரே வந்துசேரும் சமயம் பார்த்து ஒரு வெட்டுக் காற்று அடித்து அதை மட்டும் ஒதுக்கித் தள்ளும். வெள்ளை ஒரு பைக்கு, கருப்பு இன்னொரு பைக்கு. சரிவுக்கு ஒன்றாக எட்டுச் சின்ன போர்டுகள். ஒவ்வொன்றிலும் நகத்தளவு சிப் ஒன்றும், இதுவரை எத்தனை கருப்பைத் தள்ளியிருக்கிறது என்று காட்டும் சிவப்பு எண்களும் உண்டு.

அந்த சிப்புக்குள் ஓடும் புரோகிராமை எழுதியவன் முத்துக்குமரன். மூன்று வருஷம் பட்டறையில் இருந்துவிட்டு, போன தீபாவளிக்குப் பிறகு கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு வந்தவள் நாகஜோதி. பசுமலையில் வீடு, இருபத்தேழு வயது. அதற்கு முன்னால் ஒரு மீட்டர் கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். வந்ததும் அவளுக்குக் கொடுத்த முதல் வேலைதான் போன் நம்பர் மாற்றுவது. மாற்றி, சிப் படிக்கிற மாதிரி கம்பைல் செய்து, புது மெஷின்களில் ஏற்றினாள். அப்படி ஏற்றிய பன்னிரண்டு மெஷின்கள் இரண்டு மாதத்தில் வெளியே போயின.

பன்னிரண்டில் ஒன்று அழகுராஜாவின் மில்லுக்குப் போனது. திருப்பரங்குன்றம் தாண்டி தனக்கன்குளம் போகிற வழியில் இருக்கிறது அந்த மில். ஒரு வாரத்தில் போன் வந்தது. வெள்ளைப் பையில் கருப்பு கிடக்கிறது, ஒதுக்கின பையில் நல்ல உளுந்து கிடக்கிறது, இந்த மெஷினுக்குப் பதில் நான் கண்ணை மூடிக்கொண்டு கையால் பொறுக்கியிருப்பேன் என்று அழகுராஜா காய்ச்சி எடுத்துவிட்டார்.

பாண்டிராஜ் நாகஜோதியைக் கூப்பிட்டு, புரோகிராமில் என்ன மாற்றினாய் என்று கேட்டார்.

"போன் நம்பரை மட்டும்தான் சார் மாத்தினேன்."

"மூணு வருஷமா ஓடுன புரோகிராம்மா அது. நம்பரை மாத்துனா உளுந்து மாறி விழுமா?"

விழாது என்பது அவளுக்கும் தெரியும்.

முதல் தடவை மில்லுக்குப் போனபோது சென்சாரின் கண்ணாடியைத் துடைத்தாள். காற்றின் அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். இரண்டு போர்டுகளைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து, அங்கே இருக்கும் சோதனை மெஷினில் மாட்டி, அதற்கென்று வைத்திருந்த ஐந்து கிலோ உளுந்தை ஓட விட்டாள். ஒரு கருப்பு தப்பவில்லை, ஒரு வெள்ளை வீணாகவில்லை. திரும்பக் கொண்டுபோய் மாட்டினாள். கால்மணி நேரம் ஒழுங்காக ஓடியது. அவள் பஸ் ஏறிப் பெரியார் நிலையம் வருவதற்குள் மறுபடியும் போன்.

இப்படியே மூன்று தடவை நடந்தது. பட்டறையில் தங்கம்போல ஓடுவதும், மில்லில் போய்க் காலை வாருவதும். கம்பியைக் குறை சொன்னாள், கரண்டைக் குறை சொன்னாள், எர்த்தைக் குறை சொன்னாள். ஒவ்வொன்றையும் சரிசெய்த பிறகும் உளுந்து மாறித்தான் விழுந்தது. முத்துக்குமரனுக்குப் போன் போட்டாள். என் புரோகிராமில் ஒரு தப்பும் இல்லை, அதில் யாரும் கை வைக்காமல் இருந்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை.

நாலாவது தடவை போனபோது மெஷின் பக்கத்தில் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தான். மொக்கைச்சாமி, அழகுராஜாவுடைய மச்சான் மகன். அதுவரை அந்த மெஷினை ஓட்டியவள் அன்னக்கொடி. நாற்பது வயதுக்காரி, பழைய மெஷின் காலத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவள். நாகஜோதி தேடிப்பார்த்தாள். அன்னக்கொடி கொட்டகைக் கடைசியில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

என்ன அக்கா இங்கே என்று கேட்டதற்கு, அவள் ஊசியை நிறுத்தாமலே சொன்னாள். உங்க முதலாளிதான் போன் பண்ணினாராம். மெஷினில் குறை இல்லை, உங்க ஆள் தொட்டியில் சரக்கை மொத்தமாக அள்ளிக் கொட்டுகிறாள், அதனால்தான் பிசகுகிறது என்று சொன்னாராம். அழகுராஜா அப்படியே நம்பிவிட்டார். ஒரு நாளைக்குக் கூலியில் ஐம்பது ரூபாய் குறைவு, அதுபோகக் கெட்ட பேரு வேற. அவனியாபுரத்தில் ஒரு மில்லில் மெஷினுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அங்கேயும் இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது.

நாகஜோதிக்கு முகம் எரிந்தது. பாண்டிராஜ் அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. மெஷின் எப்போது ஒழுங்காக ஓடுகிறது, எப்போது பிசகுகிறது என்று மட்டும் கேட்டாள். மூன்று வாரத்தில் இந்தக் கேள்வியை அவளிடம் யாருமே கேட்கவில்லை என்பது அன்னக்கொடியின் முகத்தில் தெரிந்தது.

"சரக்கு சுத்தமா வந்தா அது ஒண்ணும் பண்ணாது தாயி. கருப்பு அம்புட்டும் சேந்தாப்புல வருதுல்ல, அந்தச் செகப்பு நம்பரு மடமடன்னு ஏறும் பாருங்க, அப்பத்தான் குழம்பிப்போகுது. மெதுவாக் கொட்டினாலும் அப்படித்தான். நானும் கொட்டிப் பாத்துட்டேன்."

நாகஜோதி பட்டறை உளுந்தை நினைத்துப் பார்த்தாள். பட்டறையில் இருக்கிற அந்த ஐந்து கிலோ உளுந்து எத்தனை மாதமாக அந்தச் சோதனை மெஷினிலேயே ஓடி ஓடிச் சுத்தமான உளுந்து. அதில் மொத்தமாக நூறு கருப்பு இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு அவள் இருபது நாளாக மெஷினைச் சோதித்திருக்கிறாள்.

தோல் நிறைய இருக்கிற சரக்கு கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். அன்னக்கொடி எழுந்துபோய், உடைத்து முடித்துச் சலிக்காமல் கிடந்ததில் பத்துக் கிலோவைச் சாக்கில் அள்ளிக் கட்டிக் கொடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டு நாகஜோதி இரண்டு பஸ் மாறி ஒத்தக்கடைக்கு வந்தாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொன்னார். வாங்கினாள்.

பட்டறையில் அந்த உளுந்தைத் தொட்டியில் கொட்டி ஓட விட்டதும், பத்தாவது நிமிஷம் நல்ல பையில் கருப்பு விழுந்தது. மூன்று வாரமாகத் தேடிய பிழை கண்ணெதிரே நடக்கிறது. அவளுக்குச் சந்தோஷமும் வந்தது, யாரையாவது அறைய வேண்டும் போலவும் இருந்தது. அறைவதற்கு அவளைத் தவிர வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

அந்த சிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஒரு நொடிக்கு ஐயாயிரம் தடவை அதற்குள் ஒரு மணி அடிக்கும். மணி அடித்ததும் சிப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து சென்சாரைப் பார்க்க வேண்டும். விழுந்துகொண்டிருக்கும் கருப்புக்கு வால்வு அடிக்க இன்னும் எத்தனை மணி பாக்கி என்ற கணக்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். பிறகு விட்ட வேலைக்குத் திரும்பிப்போக வேண்டும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இருநூறு மைக்ரோசெகண்ட் இடைவெளி. கொஞ்சம் பிந்தினால் குற்றமில்லை, காத்திருக்கும் ஒரு மணியை மட்டும் ஞாபகம் வைத்துப் பிடித்துக்கொள்ளும். ரொம்பப் பிந்தினால் நடுவில் அடித்த மணி அதன் காதில் விழாமலே போய்விடும். விழவில்லை என்றால் கழிக்காது. கழிக்கவில்லை என்றால் வால்வு தாமதமாக அடிக்கும். அதற்குள் கருப்பு கடந்துபோய், பின்னால் வந்த வெள்ளை அடி வாங்கும்.

கரண்ட் ஏறுவதையும் இறங்குவதையும் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஸ்கோப் ஒன்று பட்டறையில் தூசி படிந்து கிடந்தது. இன்டரப்ட் தொடங்கும்போது ஒரு கம்பியில் கரண்ட் ஏறவும், முடியும்போது இறங்கவும் இரண்டு வரி சேர்த்து, அந்தக் கம்பியை ஸ்கோப்பில் மாட்டிப் பார்த்தாள். சாதாரண சமயத்தில் நூற்றெண்பது மைக்ரோசெகண்ட். சிவப்பு எண் ஒன்று கூடுகிறபோது மட்டும் அறுநூற்று நாற்பது. அதாவது ஒவ்வொரு தடவை எண் மாறும்போதும் இரண்டு மணி காணாமல் போகிறது. கருப்பு நாலைந்து சேர்ந்து வந்தால் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. அன்னக்கொடி சொன்னது ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

ஏன் என்று பார்த்தாள். காட்ட வேண்டிய எண்ணைத் தனித்தனி இலக்கமாகப் பிரிக்க, முத்துக்குமரன் அந்த அவசர வேலைக்குள்ளேயே ஐந்து தடவை பத்தால் வகுத்திருந்தான். வகுக்கத் தெரியாத சிப் அது. கழித்துக் கழித்துத்தான் வகுக்க வேண்டும். அது தப்புதான். ஆனால் மூன்று வருஷம் அந்தத் தப்போடுதானே ஒழுங்காக ஓடியது? இதற்குத்தான் விடை கிடைக்கவில்லை.

முத்துக்குமரன் விட்டுப்போன பழைய மெயில்களைத் தோண்டினாள். அவன் கடைசியாகக் கம்பைல் செய்த ஃபைல் ஒரு மெயிலோடு இருந்தது. அதன் அளவு பதினோராயிரம் பைட். அவள் கம்பைல் செய்தது பத்தொன்பதாயிரம். இரண்டு புரோகிராமுக்கும் வித்தியாசம் ஒரு போன் நம்பர். பழைய நம்பருக்கும் பத்து இலக்கம், புதிய நம்பருக்கும் பத்து இலக்கம்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மனுஷர் எழுதுகிற புரோகிராமை சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது கம்பைலர். முத்துக்குமரனுடைய லேப்டாப்பில் இருந்தது காசு கட்டி வாங்கியது. சுற்றி வளைக்காமல் இறுக்கமாக எழுதித் தரும். அவன் போனதும் லேப்டாப்பை அழித்து பில்லிங்குக்குக் கொடுத்துவிட்டார்கள், லைசன்ஸும் முடிந்துவிட்டது. நாகஜோதியின் லேப்டாப்பில் இருப்பது இலவசப் பதிப்பு. அது ஒரு அடி போக வேண்டிய இடத்துக்கு மூன்று அடி போகும். அது எழுதிக் கொடுத்த கட்டளைகளை வரிசையாகப் படித்துப் பார்த்தாள். இன்டரப்டுக்குள் நுழைந்ததும், தேவை இருக்கோ இல்லையோ, சிப் கையில் வைத்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுத்து வைக்கிறது. நடுவில் வேறொரு ஃபைலில் இருக்கும் வகுத்தல் வேலையைக் கூப்பிடுகிறது. அங்கே என்னென்ன கை படுமோ என்று பயந்துதான் இவ்வளவு முன்ஜாக்கிரதை. பழையதில் எண் மாறும்போது முந்நூற்று முப்பதில் முடிந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாள். நானூறைத் தாண்டாததால் மணி ஒன்றும் தப்பவில்லை. மூன்று வருஷமும் நூலிழையில்தான் ஓடியிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை, எழுதியவனுக்கும் தெரியவில்லை.

பாண்டிராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்கோப்பைப் பார்க்கவில்லை. அப்படியென்றால் லைசன்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டார். சரியாகிவிடும், ஆனால் நாளைக்கு ஒரு வரி கூடச் சேர்த்தால் மறுபடியும் இதே கதிதான், புரோகிராமையே திருத்துவதுதான் முறை என்றாள். லைசன்ஸ் இல்லாமல் முடியுமென்றால் அதையே செய் என்றார். பிறகு, "இதைக் கண்டுபிடிக்கவா மூணு வாரம்?" என்றார்.

அவள் தன் இடத்துக்கு வந்து புரோகிராமைத் திறந்தாள்.

வகுத்தலை அவசர வேலையிலிருந்து வெளியே எடுத்தாள். கருப்பு வந்தால் ஒன்று கூட்டு என்பதோடு இன்டரப்ட் திரும்பிவிடும். எண்ணைக் காட்டுகிற வேலையை, சிப் சும்மா இருக்கும்போது சாவகாசமாகச் செய்யும். அதிலும் வகுத்தல் கிடையாது. ஸ்கூட்டரில் கிலோமீட்டர் ஏறுவதுபோல, கடைசி இலக்கம் ஒன்பதைத் தாண்டினால் பக்கத்து இலக்கம் ஒன்று ஏறும். முதலில் எழுதியது தப்பாகப் போனது. எண்ணைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் மணி அடித்து எண் மாறிவிட, பாதி பழசும் பாதி புதுசுமாக ஏதோ ஒரு எண்ணைக் காட்டியது. ஒரு முழு நாள் அதில் போனது. படிக்கிற அந்தக் கண நேரம் மட்டும் மணியை நிறுத்தி வைத்தாள். எந்த ஃபைலையும் கூப்பிடாமல் இன்டரப்டைச் சுருக்கி எழுதினாள். நாலாம் நாள் ஸ்கோப்பில் பார்த்தபோது, எண் மாறினாலும் மாறாவிட்டாலும் முப்பத்தெட்டு மைக்ரோசெகண்டுக்கு மேல் ஏறவில்லை. அதுவும் அந்த இலவசக் கம்பைலரிலேயே. ஒதுக்கின கருப்பைத் திரும்பக் கலந்து கலந்து, பத்துக் கிலோ உளுந்தை ஆறு தடவை ஓட விட்டாள். ஒன்றுகூட மாறி விழவில்லை.

மறுநாள் மில்லுக்குக் கிளம்பும்போது பாண்டிராஜ் சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தைக் கொடுத்து, என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். சென்சாரில் தூசி, சுத்தம் செய்யப்பட்டது. ஆபரேட்டருக்குச் சரக்குக் கொட்டும் முறை கற்றுக்கொடுக்கப்பட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம் என்றார். அவரும் மோசமான ஆள் இல்லை. முப்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவர். மெஷினைப் பற்றி ஒரு மில்லில் கிளம்பும் பேச்சு மாவட்டம் முழுக்கப் பரவும் என்று பயப்படுகிறவர். நாகஜோதிக்கு அது புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

மில்லில் எட்டு போர்டுகளிலும் புதுப் புரோகிராமை ஏற்றினாள். மோசமான சரக்காகப் பார்த்து இரண்டு மூட்டை கொட்டச் சொன்னாள். மொக்கைச்சாமி கொட்டினான். சிவப்பு எண்கள் கண்மண் தெரியாமல் ஏறின. வெள்ளைப் பை வெள்ளையாகவே நிறைந்தது. அழகுராஜா ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அவள் ரிப்போர்ட்டை எழுத உட்கார்ந்தாள். தாள்களுக்கு நடுவில் கார்பனை வைத்தாள். பிறகு எழுதினாள்: கோளாறு மெஷினின் புரோகிராமில் இருந்தது. கருப்பு அதிகமாக வரும்போது வால்வு தாமதமாக அடித்தது. சரிசெய்யப்பட்டது. ஆபரேட்டர் அன்னக்கொடி சரக்கைச் சரியான முறையில்தான் கொட்டியிருக்கிறார். அவர் சொன்ன தகவலை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது.

அழகுராஜா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதனால் அவள் வாய்விட்டே சொன்னாள்.

"அண்ணே, இது எங்க தப்பு. அந்தக்கா மேல ஒரு குறையும் இல்லை. எங்க சார் தெரியாம உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டார்."

"சரிம்மா, இப்ப ஓடுதுல்ல. பையனும் பழகிட்டான், அவனே நிக்கட்டும். அதுக்கு ஒண்ணும் வேலை இல்லாமப் போகலையே, சாக்கு தைக்குது."

நாகஜோதி இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவர் கோபப்படவும் இல்லை, கேட்கவும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயைக் குடிக்காமல் வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனாலும் குடித்தாள்.

கொட்டகைக் கடைசிக்குப் போய் அன்னக்கொடியிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"அந்தப் பேப்பர்ல எம்பேரு இருக்கா?"

"இருக்குக்கா."

"என்னன்னு எழுதியிருக்கு, வாசிங்க."

நாகஜோதி வாசித்தாள். அன்னக்கொடி கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு அதில் ஒரு காப்பி தனக்கு வேண்டும் என்றாள். கார்பன் வைத்து எழுதும் புத்தகம் அது. மூன்று தாள்கள் உண்டு. வெள்ளை மில்லுக்கு, மஞ்சள் கம்பெனிக்கு, ரோஸ் நிறம் புத்தகத்தோடு கிடக்கும். ரோஸைக் கிழித்துக் கொடுத்தாள். அன்னக்கொடி அதை நாலாக மடித்து, செல்போன் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

பாண்டிராஜ் மஞ்சள் தாளைப் படித்தார். மூன்றாம் நாள் நாகஜோதியைக் கூப்பிட்டு, கம்பெனியைத் தெருவுக்கு இழுத்துவிட்டாய் என்றார். மீதிப் பதினோரு மெஷினிலும் இதே புரோகிராம்தான் சார் இருக்கிறது என்றாள் அவள். அவர்கள் யாரும் குறை சொல்லவில்லையே என்றார். அவர்கள் மில்லில் யாராவது ஒருத்தர் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றாள். அவர் மேஜையிலிருந்து அந்த மில்களின் லிஸ்ட்டை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். ஃப்ரீ சர்வீஸ் என்று சொல்லிப் போய்ப் புதுப் புரோகிராமை ஏற்றிவிட்டு வா, ரிப்போர்ட்டை மட்டும் நானே எழுதுகிறேன் என்றார்.

அதற்குமேல் அவளால் அவரை நகர்த்த முடியவில்லை. லைசன்ஸும் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து அன்னக்கொடி போன் பண்ணினாள். அவனியாபுரம் மில்லில் அந்த ரோஸ் தாளைக் காட்டினாளாம். அவர்கள் இரண்டு நாள் யோசித்து, ஒரு மாதம் ஓட்டிப் பார் என்று சேர்த்துக்கொண்டார்களாம். நாகஜோதி அப்போது விருதுநகரில் ஒரு மில்லின் மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, ஐந்தாவது போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகு துருப்பிடித்துச் சுற்ற மறுத்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஓட்டுங்கக்கா, நல்லா ஓட்டுங்க என்றாள். பதினொன்றில் இது மூன்றாவது. மில்லின் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்று, மெஷின் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு இதையெல்லாம் பிரிக்கிறீங்க என்று கேட்டார். ஃப்ரீ சர்வீஸ் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. திருகைப் பார்த்தபடியே, கருப்பு நிறைய வரும்போது இது எப்படி அண்ணே ஓடுது என்று கேட்டாள்.